படாளத்துக்குப் போன பச்சைத் தண்ணி

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று சங்கரா மீன் கிடைத்தது. என் சம்சாரம் செங்கம்மாள் குழம்பு வைத்தாள். வெயில் ஏறியதும் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஜாய்ஸ் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரை ஒட்டி நடந்தால் உப்பங்கழி. கழிக்கரையில் கம்பி வேலி, வேலிக்குள் என் மகளுடைய பச்சைக் குழாய்கள். ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக நிற்கும். வெயில் பட்டால் உள்ளே குமிழ் ஏறுவது தெரியும்.

பாசி என்றால் திருத்துவாள். பாக்டீரியா, அப்பா. வெயிலைத் தின்று வளர்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர். அதற்குள்ளே எழுத்து மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதில் சில வரிகளை இவர்கள் மாற்றிவிட்டார்கள். தனக்கென்று மாவு சேர்த்து வைப்பதை விட்டுவிட்டு, சாராயம் போல ஒன்றைத் தண்ணீரில் விடுகிறது. அதைப் பிரித்தெடுத்தால் வண்டி ஓடும். என் வீட்டில் ஒருத்தி உயிருக்குள்ளே எழுதுகிறாள். எனக்குப் பஸ் போர்டு படிக்க வராது.

இதையும் நான் எழுதவில்லை, பேசுகிறேன். போனில் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். 'ஒனக்கு எல்லாம் ஞாபகம் கீது. யார்கிட்டயாவது சொல்லிகினே இருக்கணும். அம்மா காது பாவம். இதுங்கிட்ட சொல்லு.' வீட்டுப் பேச்சு பேசினால் தாறுமாறாக எழுதுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சபை முன்னால் சாட்சி சொல்கிற மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. இன்னொரு பொத்தானை அமுக்கினால் ஒரு பெண் குரல் திருப்பிப் படிக்கிறது.

கேரியர் திரும்பி வந்தபோது மேல் தட்டில் ஒரு மீன் துண்டு, முள் எடுத்து. யார் வீட்டுப் பாத்திரமானாலும் வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு மிளகாயாவது, ஒரு கை உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் திரும்பினால் இனிமேல் வராதே என்று அர்த்தம். வீட்டுக்குள் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனால் ஜாய்ஸ் பார்ப்பாள். என் கண்ணுக்கு முள் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

13 ஆகஸ்ட்

படாளத்திலிருந்து தனகோடி வந்தார்.

அவர் அப்பா நிலத்தில்தான் என் அப்பா, நான், செங்கம்மாள் எல்லோரும் பாடுபட்டோம். நாங்கள் ஊரை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் அவர் என் வாசலை மிதித்ததில்லை. மகன் சரவணகுமார் வேன் ஓட்டுகிறான், இந்தப் பக்கம் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வருகிறான். அந்த வேனில் வந்து இறங்கினார். கையில் வாழைப்பழம்.

பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். பழக்கம்.

'இன்னா அண்ணாத்த நிக்கிற? ஒக்காரு.'

அண்ணாத்த. அந்த வாயிலிருந்து நான் கேட்ட பேர்கள் வேறே. பழையபடி ஆண்டே, எஜமானே என்று கூப்பிட எனக்கும் இப்போது நாக்கு வரவில்லை, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. பேரில்லாமலே பேசினேன். செங்கம்மாள் டீ கொண்டுவந்தாள். அடிவரைக்கும் குடித்தார். உள்ளே போனதும் அவள் என் காதில், 'டம்ளர கழுவலாமா, அப்படியே அலமாரில வச்சிடலாமா?' என்றாள்.

ஜாய்ஸை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்களாம், போனில் பார்த்தாராம். 'பாசின்னதும் எனக்கு நீதான் ஞாபகம் வந்த. எண்பத்தி மூணுல வெவசாய ஆபீஸ்ல குடுத்தாங்களே பச்சப் பொட்டலம்.'

எனக்கா ஞாபகம் இல்லை? கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி. நீலப்பச்சைப் பாசி என்றார். தகரத் தொட்டியில் வயல் மண், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், மேலே தண்ணீர். அதில் பொட்டலத்தைத் தூவி வெயிலில் விட்டால் பச்சை ஆடை மாதிரி படியும். காயவிட்டுச் சுரண்டி, நட்ட வயலில் இறைக்க வேண்டும். செய்தவன் நான். அந்தப் போகம் நெல் கருகருவென்று நின்றது. பேர் அவர் அப்பாவுக்கு.

'யூரியா கெடைக்கல. ஒரு பாட்டில் குடு. ஒம் பொண்ணு கை பட்ட பாசி எங்க நெலத்துல எறங்கட்டும்.'

என் வீட்டில் உட்கார்ந்து, என்னிடம் ஒன்று கேட்டார். சரி என்றேன்.

14 ஆகஸ்ட்

கேரியர் கொண்டுபோனபோது பச்சைக் குழாய்களுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி இருந்தது. அன்றன்றைக்குக் கழிக்கிற பச்சைத் தண்ணீர் அதில்தான் ஊற்றுவார்கள். பிறகு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டுவார்கள். கூட வேலை செய்கிற ராகவன் உள்ளே கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தான். ஜாய்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் எடுத்தேன். கொட்டப் போகிறதுதானே.

செங்கம்மாளின் நீல ஒயர் கூடையில் வைத்து, கூடவே கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வைத்து, சரவணகுமாரிடம் கொடுத்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சபைக்குப் போனோம். தனகோடி போன் செய்தார். வந்து சேர்ந்ததாம். 'நல்ல பச்ச அண்ணாத்த.' நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது.

19 ஆகஸ்ட்

சாப்பிடும்போது ஜாய்ஸ் சந்தோஷமாகப் பேசினாள். டெல்லியிலிருந்து குழு வருகிறது. மாமல்லபுரத்தில் தங்கப் போகிறார்கள். எல்லாம் திருப்தியாக இருந்தால் குழாயை விட்டு வெளியே, கழிக்கரையில் பெரிய தொட்டி கட்ட அனுமதி. எட்டு வருஷமாக இதற்குத்தான் காத்திருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலும், 'தொட்டி முடியட்டும்மா' என்பாள்.

செங்கம்மாள் சும்மா இருக்காமல், 'ஒன் துணியெல்லாம் பிளீச்சிங் நாத்தம். அத ஏண்டி கொன்னு கொன்னு ஊத்துற?' என்றாள்.

'வெளிய போவக் கூடாதும்மா. ஒரு சொட்டுகூட.'

'போனா இன்னா?'

'ஒண்ணும் ஆவாதுன்னுதான் நெனக்கிறோம். தண்ணில நாங்க ஒரு தீனி கலக்குறோம், அது இல்லன்னா செத்துடும். அப்படித்தான் செஞ்சிகீறோம். ஆனா கோடானு கோடில ஏதாவது ஒண்ணு, அது இல்லாமயே பொழைக்கக் கத்துக்கலாம். அந்த ஒண்ணு ஏரில எறங்கிட்டா, திரும்பி வான்னு கூப்புட முடியுமா?'

நான் கேட்டேன், எண்பத்து மூன்றில் ஊரிலே வளர்த்தோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று. சிரித்தாள்.

'அது ஊர்ல பொறந்ததுப்பா. இது எங்க கையில பொறந்தது. அனுமதி இல்லாம வெளிய போனா மொத்தத்தையும் மூடிடுவாங்க. மூடணும்தான்.'

கையில் சோறு இருந்தது.

20 ஆகஸ்ட்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

22 ஆகஸ்ட்

படாளத்துக்குப் போன் போட்டேன். தனகோடி நான் பேசுவதற்குள்ளே பேசிவிட்டார். பாதியை நாற்றங்காலில் ஊற்றிவிட்டாராம். மீதியைத் தார்ப்பாய் விரித்த குழியில் விட்டு, மண்ணும் பாஸ்பேட்டும் போட்டு, நான் அந்தக் காலத்தில் செய்த மாதிரியே பெருக்குகிறாராம். பச்சை ஏறுகிறதாம். 'சடையப்பன் கேட்டான், இன்னும் ரெண்டு பேர் கேட்டானுங்க. ஒம் பேரச் சொல்லித்தான் குடுக்கப் போறேன்.'

குடுக்காதீங்க என்றேன். ஊத்தினதையும் வடிச்சிடுங்க, அது வேற பாசி, தப்பா குடுத்துட்டேன்.

அவர் குரல் மாறியது.

'இன்னா, நாலு பேர் கேட்டதும் கிராக்கி காட்டுறியா? குடுத்தத திரும்பக் கேக்கற புத்தி ஒங்க தெருவ வுட்டுப் போவாதா?'

வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. வந்து என்ன, போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

செங்கம்மாளிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடையில் ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து மதுராந்தகம் பஸ். படாளத்தில் இறங்கி வயலுக்கு நடந்தேன். பாதை கால்களுக்குத் தெரிந்திருந்தது.

தனகோடி வீட்டில் இல்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி. தார்ப்பாய்மேல் பச்சை ஆடை மாதிரி படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். இது ஊரில் பிறந்ததா, அவள் கையில் பிறந்ததா? பச்சை பச்சையாகத்தான் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? குழிக்கு அந்தாண்டை நாற்று, அழகாக, ஒரே மட்டமாக. அதன் வடிகால் நேராக ஏரிக்கால்வாய்க்குத்தான் போகிறது. நான் வெட்டிய வடிகால்.

பாக்கெட்டை எடுத்தேன். பல்லால் கிழிக்கப் பார்த்தேன். பல் எங்கே இருக்கிறது?

'யாரு, சின்னையனா? வெயில்ல நின்னுகினு கீற.'

தனகோடியின் சம்சாரம், பேர் வேண்டா. பாக்கெட்டைத் துண்டில் சுருட்டினேன். உள்ளே போய் மோர் கொண்டுவந்தது. எவர்சில்வர் சொம்பு. கையில் கொடுத்தது, கீழே வைக்கவில்லை. 'ஒம் பொண்ணு நல்லா வந்துடுச்சு. எங்க பையன் வேன் ஓட்டுறான். ஒவ்வொருத்தர் தலையெழுத்து.' விரல் என் விரலில் பட்டது. அதற்கு அது ஒன்றுமில்லை போலிருந்தது. எனக்குத்தான்.

அந்த மோரைக் குடித்துவிட்டு, அந்தம்மா கண் முன்னால் நாற்றங்காலில் விஷத்தைத் தூவ என்னால் முடியவில்லை. பாக்கெட்டோடு திரும்பி வந்துவிட்டேன்.

26 ஆகஸ்ட்

பதினான்காம் தேதி பேசினதைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் குரல் படித்தது. 'கொட்டப் போகிறதுதானே.' ஏறக்குறைய ஜாய்ஸ் குரல். என் சாக்கை என் மகள் சொல்வது மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். ஒன்றும் விடாமல்.

கத்துவாள் என்று நினைத்தேன். டாக்டர் மாதிரி கேட்டாள். எந்த வாளி? எத்தனை லிட்டர் பாட்டில்? குழியில எத்தினி நாளா கீது? வடிகால் எங்க போவுது? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஞாபகத்துக்கு என்ன குறை.

கடைசியில்தான் கேட்டாள். 'என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயாப்பா?'

'அவரு என்ன அண்ணாத்தன்னாரு ஜாய்ஸு. வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்து, டீ குடிச்சிட்டு, எங்கிட்ட கேட்டாரு. எங்கிட்ட. அவங்க யாராவது நம்மகிட்ட ஏதாவது கேட்டுக் கீறாங்களா?'

அவள் கண் சிவந்தது. செங்கம்மாள்தான் நடுவில் வந்தாள். 'வுடுடி. ஆபீசருங்க வந்துட்டுப் போவட்டும். அப்பறமா சத்தமில்லாம போயி கழுவி வுட்டுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?'

ஜாய்ஸ் ராகவனுக்குப் போன் போட்டாள். அவனும் அதையே சொன்னான், வெளியே கேட்டது. 'இன்னும் ஒரு வாரம்தான் மேடம். குழு போகட்டும்.'

'அந்த ஒரு வாரத்துல வடிகால தெறந்து வுட்டா, ராகவன்?' என்றாள். பிறகு அவளே டெல்லிக்கு எழுத உட்கார்ந்தாள். எட்டு வருஷத்தை அவளே மூடினாள், நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

28 ஆகஸ்ட்

படாளம். ஜாய்ஸ், ராகவன், வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள். என்னை வரவேண்டாம் என்றாள். இடம் காட்டணுமே என்று ஏறிக்கொண்டேன்.

வடிகாலை மண் போட்டு அடைத்தார்கள். குழியிலும் நாற்றங்காலிலும் கால்வாயிலும் சின்னச் சின்னப் புட்டிகளில் எடுத்தார்கள். ஜாய்ஸ் தனகோடிக்கு முன்னால் நின்று, 'எங்க தப்புதான். வேற எடத்துலேருந்து நாத்து கொண்டாந்து தர்றோம், எங்க ஆபீஸ் பொறுப்பு,' என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மருந்து ஊற்றினார்கள். இன்னும் சில நாளில் பிடுங்க வேண்டிய நாற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி வெளுத்தது.

'டேய் சின்னையா.' அதே பழைய குரல். 'நாற்காலி போட்டு ஒக்கார வச்சியே, இதுக்குத்தானா? ஒங்க அப்பனுக்கும் சேத்து எங்கப்பன் சோறு போட்டான்டா.'

ஜாய்ஸ் திரும்பினாள். 'சோறு போடல. வேல வாங்கனாரு. நாத்து செத்ததுக்கு என்னக் கேளுங்க, பதில் சொல்றேன். எங்க அப்பாவ டேய்னு கூப்புடாதீங்க.' சத்தம் போடவில்லை. ஆபீஸில் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

வேண்டா மோட்டார் கொட்டகை ஓரம் நின்றிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

திரும்பும்போது வண்டியில் ஜாய்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். எனக்காகப் பேசினாள். என்னோடு பேசவில்லை.

1 செப்டம்பர்

குழு வந்தது. தொட்டி கட்டும் இடத்தைப் பார்க்கவே இல்லையாம். வேலியையும் வாளியையும் பார்த்தார்களாம். வெளியாள் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டார்களாம். வெளியாள் நான். அப்பாவை உள்ளே விட்டது நான்தான் என்று இவள் சொன்னாளாம். இதெல்லாம் ராகவன் செங்கம்மாளிடம் சொன்னது.

3 செப்டம்பர்

குழாய்களைக் காலி செய்தார்கள். கழிக்கரை முழுக்க பிளீச்சிங் வாசனை.

4 செப்டம்பர்

கேரியர் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து. உள்ளே ஒன்றுமில்லை.

12 செப்டம்பர்

புட்டிகளில் எடுத்ததைப் பார்த்துவிட்டார்கள். குழியில் படிந்த பச்சை, ஊரிலேயே பிறந்த பாசியாம். நான் கொடுத்தது செத்துவிட்டது. கால்வாயிலும் இல்லை. ஆனாலும் மாசாமாசம் வந்து பார்ப்பார்களாம். ஜாய்ஸ் இதை அம்மாவிடம் சொன்னாள், நான் கேட்கிற தூரத்தில்.

செங்கம்மாள், 'அப்போ நீ சொன்னது சரிதானேடி. தீனி இல்லாம செத்துடும்னு சொன்ன, செத்துடுச்சு. அத சொல்லி தொட்டிய கேளு,' என்றாள்.

'கேக்க முடியாதும்மா. செத்தது நம்ம அதிர்ஷ்டம். அதுக்கு அனுமதி குடுக்க மாட்டாங்க.'

தொட்டி இல்லை. குழாயும் இல்லை. மறுபடி அறைக்குள்ளே, கண்ணாடிக் குடுவையில், முதலிலிருந்து. பொறுப்புக்குச் சுஜாதா என்று வேறு ஒரு அம்மா வருகிறார்கள். ஜாய்ஸ் அவர்களுக்குக் கீழே.

செத்தது என்று கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு, எதற்கு இந்த மூச்சு என்று இருந்தது.

15 செப்டம்பர்

ஜாய்ஸ் ஆபீஸ் வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாட்ச்மேன் தாவீதைக் கேட்டேன். நம் சபைப் பையன்தான். 'ஒண்ணுமில்ல தாத்தா, சும்மா ரூல்ஸு. கேரியர எங்கிட்ட குடுங்க, நான் உள்ள குடுத்துடறேன்' என்றான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வெயில் அதிகம். தடியில் சாய்ந்து வேலிக்கு வெளியே நின்றேன். வெறும் குழாய்கள். அதற்குள்ளே இப்போது வானம் தெரிகிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

சாட்சி சொல்ல எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

9 அக்டோபர்

சரவணகுமார் வேனை நிறுத்தினான். இறங்கவில்லை. ஜன்னல் வழியாக நீல ஒயர் கூடையை நீட்டினான். 'அம்மா குடுக்கச் சொல்லிச்சு.'

நடவு ஆச்சா என்று கேட்டேன்.

'ஆச்சு. நீங்க குடுத்த நாத்து பத்தல. மதுராந்தகத்துலேருந்து கொஞ்சம் கொண்டாந்தோம். லேட்டு.' கொஞ்சம் தயங்கினான். 'அப்பாவுக்கு இன்னும் ஆறல.'

செங்கம்மாள் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மூலை மூலையாகத் தடவினாள். ஒரு மிளகாய்கூட இல்லை. அந்தப் பாட்டில் மட்டும், கழுவி, மூடி போட்டு.

'சரி' என்றாள். கூடையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அண்ணாத்த என்று கூப்பிட்டது ஒரு பாட்டில் அளவுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. இல்லை — அப்படியும் சொல்ல முடியாது. மோர் கொடுத்த கை பொய்க் கை இல்லை. எல்லாவற்றையும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். எதை எதோடு சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

20 அக்டோபர்

மழை. ஊரெல்லாம் தீபாவளிப் பட்டாசு. ஜாய்ஸ் லீவு எடுக்கவில்லை. கேரியர் வெறுமையாக வந்தது.

5 நவம்பர், புதன்

மழை விட்டிருந்தது. இன்றும் சங்கரா. வாசலில் தாவீதிடம் கொடுத்துவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தாவீது கேரியரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். 'அக்கா இன்னிக்கி உள்ள சிரிச்சுது தாத்தா. குடுவையில பச்ச புடிச்சிருச்சாம். சுஜாதா மேடம்கூட வந்து பார்த்தாங்க.'

நல்லது என்றேன். ஒரு குடுவை. முன்பு ஒரு காடு மாதிரி நின்றது.

கேரியர் கையில் கொஞ்சம் கனத்தது. வழியில் திறக்கவில்லை. கழுவின தண்ணீர் தேங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கோட்டைச் சுவர் ஓரமாக நடந்தேன்.

வீட்டில் செங்கம்மாள் கிளிப்பைத் தட்டிவிட்டு மேல் தட்டை எடுத்தாள். பார்த்தாள். என் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஒரு துண்டு. விரலால் தடவிப் பார்த்தேன். முள் இல்லை.